அவள் யாருடைய கட்சிக்காரர்?

என் அலுவலகத்தில் மேசைக்கு எதிரே மூன்று நாற்காலிகள் இருந்தன. முதல் நாற்காலியில் மாமா உட்காருவார், அடுத்ததில் அப்பா. சுவரோரம் இருக்கும் மூன்றாவது அம்மாவுக்கு. விவாகரத்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய பெண், அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் கதவோரம் நின்றுகொண்டிருப்பாள். "பாப்பாவுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க மேடம், நாஞ் சொல்றேன்" என்று மாமா ஆரம்பிப்பார். கோபியிலிருந்து வந்தாலும் சூலூரிலிருந்து வந்தாலும் இந்த வாக்கியம் மாறியதில்லை. பாப்பாவுக்கு 28 வயது இருக்கும். எம்.சி.ஏ. படித்திருப்பாள். ஒரு கம்பெனியில் பத்துப் பேரை வேலை வாங்கிக்கொண்டிருப்பாள்.

மாமா சொல்வதில் பவுன் கணக்கு சரியாக இருக்கும். மண்டப வாடகை, மாப்பிள்ளைக்குக் கொடுத்த கார், சமாதானம் பேசப் போன தேதிகள், யார் யார் கூட வந்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். அந்த வீட்டுக்குள் அவளுக்கு என்ன நடந்தது என்பது மட்டும் இருக்காது. அது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது.

வழக்கறிஞரிடம் வருபவரை நீதிமன்றத் தமிழில் கட்சிக்காரர் என்கிறோம். ஒரு கட்சியாக, ஒரு தரப்பாக நிற்பவர். நல்ல சொல்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண் சட்டத்தின் அறைக்குள் அப்படி வருவது குறைவு. மகளாக வருகிறாள், அண்ணனுக்குக் கையெழுத்துப் போடத் தங்கையாக வருகிறாள், யாரோ செய்த கொலைக்குச் சாட்சியாக வருகிறாள். 'கட்சிக்காரரை நேர்காணும் திறன், ஆலோசனை சொல்லும் திறன்' என்று சட்டக் கல்லூரிகளில் ஒன்றைக் கற்பிக்கிறார்கள். அந்தப் பாடம் இந்தப் பெண்ணைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பதுதான் என் புகார்.

பாடத்தையே முதலில் பார்த்துவிடலாம். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகளில் மாதிரி நீதிமன்றமும் பயிற்சியும் சேர்ந்த ஒரு கட்டாயத் தாள் இருக்கிறது. 100 மதிப்பெண். அதில் மாணவி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலோ சட்ட உதவி மையத்திலோ போய், கட்சிக்காரரிடம் வழக்கறிஞர் பேசுவதை இரண்டு முறை கவனித்து ஒரு நாட்குறிப்பில் எழுத வேண்டும். அதற்கு 15 மதிப்பெண். அவ்வளவுதான். அவள் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு முறை பார்த்தால் போதும். பைக் ஓட்டக் கற்றுக்கொள்ள, பாலத்து மேல் நின்று அவிநாசி சாலையை இரண்டு முறை வேடிக்கை பார்த்துவிட்டு வரச் சொல்வது போல. அவள் பார்க்கப்போவது எதை என்றும் யோசித்துப் பாருங்கள். மூன்று நாற்காலிகளையும் கதவோரம் நிற்கும் பெண்ணையும்தான். அதையே முறை என்று கற்றுக்கொண்டு வருவாள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

ஆழமாகப் படிக்க விரும்புபவர்களுக்கு அமெரிக்கப் பாடநூல்கள் இருக்கின்றன. டேவிட் பைண்டரும் சூசன் பிரைசும் 1977இல் எழுதிய நூல்தான் இந்தத் துறைக்கு அடித்தளம். கட்சிக்காரரை மையமாக வைப்பது என்ற கருத்தைச் சட்டக் கல்விக்குள் கொண்டுவந்தது அதுதான். அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. முதலில் திறந்த கேள்விகளைக் கேள், கதையை அவர் போக்கில் சொல்ல விடு, பிறகுதான் தேதி, இடம், பெயர் என்று குறுக்கு. முடிவு அவருடையது, உன் வேலை வழிகளையும் ஒவ்வொரு வழியின் விளைவையும் அவர்முன் விரித்து வைப்பது. சொல்லப்போனால் எங்கள் ஊரில் இதை முக்கால்வாசி வழக்கறிஞர்கள் செய்வதில்லை. முதல் நிமிடமே "எப்பக் கல்யாணம்? எத்தனை பவுன்?" என்றுதான் தொடங்குகிறோம்.

ஆனால் அந்த நூலின் கட்சிக்காரர் தானாகக் கதவைத் தட்டி உள்ளே வருகிறவர். தன் பணத்தில் கட்டணம் கொடுக்கிறவர். தனியாக உட்காருகிறவர். முடிவெடுத்துவிட்டு, எடுத்த முடிவோடு தன் வீட்டுக்குப் போகிறவர். கட்டணத்தை மாமா கொடுத்து, முடிவோடு போய் இறங்க வேண்டிய வீடும் அப்பாவுடையதாக இருந்தால் மையம் எங்கே இருக்கிறது?

'ஆலோசனை' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். பேச்சில் அது 'கவுன்சலிங்'. எங்கள் பெண்களுக்கு இரண்டு கவுன்சலிங் தெரியும். ஒன்று பொறியியல் கல்லூரியில் இடம் எடுப்பது. இன்னொன்று அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்து, "குழந்தை மூஞ்சியப் பாத்துச் சேர்ந்து வாழுங்க" என்று எழுதி வாங்கி அனுப்புவது. ஆகவே "உங்களுக்குக் கவுன்சலிங் தரணும்" என்று நான் சொன்னால் அவள் முகம் சுருங்கிவிடும். இந்த வக்கீலம்மாவும் திருப்பி அனுப்பப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வாள். அந்தச் சொல்லை நான் விட்டுவிட்டேன்.

நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கிராமத்துப் பெண் ஒருத்தி குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போட வந்திருந்தாள். அண்ணன் பேசினார், நான் எழுதினேன். நடுவில் அவள் இரண்டு முறை ஒரு கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்ல வந்தாள். "அந்தக் கன்னுக்குட்டி எங்கம்மா குடுத்ததுங்..." என்று தொடங்கினாள். அண்ணன் "அதெல்லாம் இப்ப எதுக்குக் கண்ணு, மேடத்துக்கு நேரமாகுது" என்றார். எனக்கும் நேரமாகிக்கொண்டுதான் இருந்தது. கணினியில் ஏற்கெனவே ஒரு மனு இருந்தது. கூடுதல் வரதட்சணை கேட்டு உடலாலும் மனத்தாலும் துன்புறுத்தினார்கள், குடித்துவிட்டு அடித்தார், தகாத வார்த்தைகளால் திட்டினார். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். மாற்றினேன்.

கூண்டில் அவள் குறுக்கு விசாரணைக்கு நின்றபோது அந்த மனு அவளுக்கு அந்நியமாக இருந்தது. குடித்துவிட்டு அடித்தாரா என்று கேட்டால், அவர் குடிக்க மாட்டாருங்க என்றாள். பிறகு தானாகவே கன்றுக்குட்டியைச் சொன்னாள். கல்யாணத்தின்போது அம்மா ஓட்டிவிட்ட கன்று. அது வளர்ந்து ஈன்று, அதன் கன்றுகளும் ஈன்று, கட்டுத்தறியில் நான்கு மாடுகள் ஆகியிருந்தன. தினமும் விடியுமுன் எழுந்து பால் பீய்ச்சியது அவள். சொசைட்டிக் கணக்குப் புத்தகம் மாமனார் பெயரில். பட்டுவாடாப் பணத்தை ஒருநாளும் அவள் கையில் தொட்டதில்லை. அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது இரண்டாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறாள். அன்று மாலை ஒரு மாட்டை விற்றுவிட்டார்கள், அவளுக்குப் புத்தி வரட்டும் என்று. அவள் வீட்டைவிட்டு வந்தது அந்த வாரம்தான்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதெல்லாம் உங்க மனுவில எங்கம்மா இருக்குது?" மனுவில் இல்லை. ஆகவே அது பின்யோசனை, பிறகு ஜோடித்துச் சேர்த்தது. முதலில் எழுதப்படாத உண்மை நீதிமன்றத்தில் பொய்யாகிவிடும். இதைத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அறிவோம். அந்தக் கன்று அவளுடைய சீதனம். அதன் வருமானத்தை மறுத்ததும், அவளைக் கேட்காமல் விற்றதும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 3ஆம் பிரிவில் பொருளாதார வன்முறை என்று பெயர் சொல்லி விளக்கும் செயல்கள். அவளிடம் இருந்ததிலேயே பலமான சங்கதியைத்தான், நேரமாகிறது என்று நான் எழுதாமல் விட்டேன். என் மனு சட்டத்துக்குப் பொருத்தமாக இருந்தது. அவள் வாழ்க்கைக்குத்தான் பொருந்தவில்லை.

பல ஆண்டுகள் கழித்து லூசி வொயிட் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தபோது இந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். அரசு உதவித்தொகையில் ஐந்து மகள்களை வளர்க்கும் கறுப்பினத் தாய் ஒருத்தி. விபத்துக் காப்பீட்டில் வந்த சில நூறு டாலரைச் செலவழித்துவிட்டாள். நலத்துறை அதைத் திருப்பிக் கேட்கிறது. வழக்கறிஞராகிய வொயிட் ஒரு வாதத்தைத் தயார் செய்கிறார்: அத்தியாவசியப் பொருட்களுக்குத்தான் செலவழித்தாள். பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கியதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். விசாரணையில் அந்தத் தாய், தான் வாங்கியது தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போக, ஞாயிற்றுக்கிழமைக்கான செருப்பு என்று சொல்லிவிடுகிறாள். வாதம் உடைகிறது. ஆனால் என் பிள்ளைகளுக்கு எது அத்தியாவசியம் என்று நான் சொல்கிறேன் என்ற குரல் அந்த அறையில் முதல்முறையாகக் கேட்கிறது. விசாரணையில் தோற்றார்கள். பிறகு நலத்துறையே ஏனோ கோரிக்கையைக் கைவிட்டது. வொயிட் அந்தக் கட்டுரையில் தன்னை உயர்த்திக்கொள்ளவில்லை. தன் கட்சிக்காரரைத் தான் புரிந்துகொண்ட விதத்தைத்தான் சோதிக்கிறார். நம் சட்டக் கல்லூரிகளில் அந்த ஒரு கட்டுரையை மட்டும் வைத்தால்கூடப் போதும், அந்த 15 மதிப்பெண்ணுக்கு ஒரு பொருள் வரும்.

விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. கொங்கில் அதைத் தெரியாத வீடு இல்லை. தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தி, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005இல் மத்தியச் சட்டம் மணமானவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த ஐயத்தையும் தீர்த்தது. சட்டம் ஒவ்வொரு படி ஏறும்போதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரமும் ஏறிக்கொண்டே வந்தது. அண்ணன் பத்திர எழுத்தரிடம் சொல்லி எழுதி வைத்திருப்பார். தங்கை காலையில் வந்து, கைரேகை வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்து ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுவாள். இணைச்சீரில் கூட நின்ற அக்காவும் தங்கையும் பங்கு கேட்டால் சீர் நின்றுபோகும், பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

இதில் கட்சிக்காரர் யார்? பணம் கொடுத்தவர் அண்ணன். எழுதச் சொன்னவர் அண்ணன். இழப்பவள் தங்கை. அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஒரு வேடிக்கை: திரைக்குள் வாழும் 'பர்தாநஷீன்' பெண்கள் எழுதிக்கொடுத்த பத்திரங்களை நீதிமன்றங்கள் நூறு ஆண்டுக்கும் மேலாகத் தனிக் கவனத்தோடு பார்த்து வந்திருக்கின்றன. படித்துக் காட்டினார்களா, புரிந்ததா, வேறு யாரையும் சாராத ஆலோசனை கிடைத்ததா என்று கேட்கின்றன. எழுத்தறியாத பெண்களுக்கும் அந்தப் பாதுகாப்பை நீட்டியிருக்கின்றன. பொள்ளாச்சியில் முதுகலை படித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கும் பெண்ணிடம் அந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

சரி, நான் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டால் என்ன போகும், போடாவிட்டால் என்ன போகும், பாதியைக் கேட்டு வாங்க வழியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்படிக் கேட்ட பெண்களில் சிலர், "தெரியுங்க. தெரிஞ்சேதான் போடறேன். எங்கம்மா இருக்கிற வரைக்கும் எனக்கு அந்த வாசல் வேணும்" என்றிருக்கிறார்கள். முதல்முறை கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பெண்கள் போராடிப் பெற்ற உரிமை இது என்று சொற்பொழிவு ஆற்றினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க பொறந்த வீட்ல நீங்க பங்கு வாங்கிட்டீங்களா மேடம்?" என்றாள். நான் வாங்கவில்லை. பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்ளும் வழக்கறிஞர்களுக்கு ஆலோசனைத் திறனில் கடினமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். மாமாவின் நாற்காலியில் மாமாவுக்குப் பதில் நாமே உட்கார்ந்துகொள்வது மிகவும் சுலபம்.

இனி சாட்சி. இதைப் பற்றிப் பேசத் தயங்கித் தயங்கித்தான் இத்தனை பக்கம் வந்திருக்கிறேன்.

ஓமலூரைச் சேர்ந்த, பட்டியலினத்தைச் சேர்ந்த 21 வயதுப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று தன்னுடன் படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். அவள் கவுண்டர் சமூகத்துப் பெண். ஒரு சாதிச் சங்கத் தலைவரும் அவர் ஆட்களும் கோகுல்ராஜைக் கடத்தினார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. அந்தத் தோழி குற்றவியல் நடுவர் முன் வாக்குமூலம் கொடுத்தாள். 2018 செப்டம்பரில் நாமக்கல் நீதிமன்றத்தில் அதை மறுத்தாள். கோகுல்ராஜின் தாய் சித்ரா விடவில்லை. வழக்கை மதுரைக்கு மாற்ற வைத்தார். பவானி பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக நின்றார். 2022 மார்ச் 8 அன்று யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்குத் தண்டனை. மேல்முறையீட்டில் அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணை மீண்டும் வரவழைத்தது. கோயில் கேமரா காட்சியைக் காட்டினார்கள். கூட நடந்து வருகிற பெண் யாரென்று தெரியாது என்றாள். நீதிபதிகள் அவகாசம் கொடுத்தார்கள், எச்சரித்தார்கள். அவள் மாறவில்லை. அவமதிப்பு நடவடிக்கை தொடங்கினார்கள். 2023 ஜூன் 2இல் மேல்முறையீட்டின் தீர்ப்பு வந்தது. அவள் சாட்சியம் இல்லாமலே யுவராஜின் தண்டனை நிலைத்தது.

அன்று எங்கள் வழக்கறிஞர் சங்க அறையில் பேசியவர்களில் பெரும்பாலோர் அவளைத் திட்டினார்கள். தன் முகத்தையே தன் முகமில்லை என்றவள். நான் அவளை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அந்தப் பொய்யின் விலையைக் கொடுத்தது மகனைப் பறிகொடுத்த ஒரு தலித் தாய். சாதி வீட்டுப் பெண்ணின் அச்சத்தைப் பேசப் போய், அந்தத் தாயின் இழப்பைப் பின்னுக்குத் தள்ளும் பெண்ணியம் எனக்கு வேண்டாம். ஆனால் வழக்கறிஞராக என்னை உறுத்துவது வேறொன்று. நடுவர் முன் கொடுத்த வாக்குமூலத்துக்கும் நாமக்கல் கூண்டுக்கும் நடுவே மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளில் சட்டப்படி அவளுக்கு வழக்கறிஞர் என்று ஒருவர் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

அரசு வழக்கறிஞர் அவளுடைய வழக்கறிஞர் அல்ல. அவருடைய கட்சிக்காரர் அரசு. கட்சிக்காரர் தன் வழக்கறிஞரிடம் சொல்வதைச் சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவு ரகசியமாகக் காத்தது. இப்போது புதிய சட்டத்தில் 132. சாட்சி அரசு வழக்கறிஞரிடம் "எனக்குப் பயமா இருக்குது, எங்கூட்ல இப்படிச் சொல்றாங்க" என்று சொன்னால் அதற்கு அந்தக் காப்பு கிடையாது. அவள் முழுதாகப் பேசி, முழுதாக ரகசியம் காக்கப்படும் ஒரு நாற்காலி அந்த நீதிமன்ற வளாகத்தில் எங்கும் போடப்பட்டிருக்கவில்லை. உண்மை சொன்னால் எங்கே போய்த் தங்குவாய், எப்படிச் சாப்பிடுவாய், பொய் சொன்னால் சட்டம் உன்னை என்ன செய்யும், இரண்டுக்கும் நடுவே என்ன பாதுகாப்புக் கேட்கலாம் என்று விரித்து வைப்பதுதான் ஆலோசனை. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் மகேந்தர் சாவ்லா வழக்கில் ஏற்றுச் சட்டமாக்கியது 2018 டிசம்பர் 5 அன்று. அவள் கூண்டேறி மூன்று மாதம் கழித்து.

'பிறழ் சாட்சி' என்கிறோம். பழைய சாட்சியச் சட்டத்தின் 154ஆம் பிரிவில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. தன்னுடைய சாட்சியையே எதிர்த்தரப்பு கேட்பதுபோலக் கேள்வி கேட்க ஒருவருக்கு அனுமதி தரலாம் என்று மட்டும்தான் அது சொன்னது. பிறழ்ந்தவள் என்ற பட்டம் நாம் கொடுத்தது.

உடுமலை சங்கர் வழக்கோடு இதை ஒப்பிட்டு, கௌசல்யாவைப் பார் என்று சொல்பவர்கள் உண்டு. 2016 மார்ச் 13இல் பேருந்து நிலையத்தில் கண்முன் கணவன் வெட்டிக் கொல்லப்பட்டு, தானும் வெட்டுப்பட்டு, பெற்றோருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். அவர் துணிவு யாருக்கும் எளிதில் வராது. ஆனால் ஒரு வேறுபாட்டை வழக்கறிஞர்களாவது பார்க்க வேண்டும். கௌசல்யா மனைவி. 2009 திருத்தத்துக்குப் பிறகு அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்பதற்குள் வாரிசும் அடங்கினார். அரசு வழக்கறிஞருக்குத் துணையாகத் தன் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அவருக்கு வழி உண்டு. பெற்றோரின் பிணை மனுவை எதிர்த்து அவரால் நிற்க முடிந்தது. தாலி அவரைச் சட்டத்தின் கண்ணில் ஒரு தரப்பு ஆக்கியது. திருச்செங்கோட்டுப் பெண் வெறும் தோழி. நட்புக்குச் சட்டத்தில் இடமில்லை. சாதிக்கு வெளியே ஒரு பையனோடு கோயிலுக்குப் போனதை ஒப்புக்கொள்வதுதான் அவள் சாட்சியத்தின் முதல் வரி. அந்த வரியைச் சொல்ல அவளுக்கு யாருடைய துணையும் சட்டப்படி கிடையாது. நீதிமன்றம் அவள் மனசாட்சியைத் தேடியது. அவளுக்கு ஒரு வழக்கறிஞரைத் தேடியிருக்கலாம்.

இது புதிய யோசனையும் அல்ல. 1994இலேயே, முரி எக்ஸ்பிரஸ் ரயிலில் வீட்டுவேலைப் பெண்களை ராணுவத்தினர் வன்கொடுமை செய்த வழக்கில், தில்லி வீட்டுவேலைப் பெண்கள் அமைப்பு தொடுத்த மனுவில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணுக்குக் குற்றவியல் நடைமுறை தெரிந்த வழக்கறிஞர் வேண்டும். காவல் நிலையத்திலிருந்தே கூட இருக்க வேண்டும். என்ன நடக்கப்போகிறது என்று விளக்க வேண்டும். மனநல உதவி, மருத்துவ உதவி எங்கே கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டும். முதலில் பார்த்தவரே கடைசிவரை தொடர்வது முக்கியம். நேர்காணலுக்கும் ஆலோசனைக்கும் இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியாது. அது பார் கவுன்சிலின் தாளில் இல்லை.

பொள்ளாச்சியில் அந்த வழக்கு எப்படித் தொடங்கியது என்பது நினைவிருக்கும். 2019 பிப்ரவரியில் துணிந்து புகார் கொடுத்த மாணவியின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பத்திரிகையாளர்கள் முன் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அவள் அடையாளம் இருந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அப்படித் தொடங்கிய வழக்கில், 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தபோது, சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. கோவை நீதிமன்ற வளாகத்தில் அன்று பட்டாசு வெடித்தவர்களைவிட எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் பட்டது. ஆறு ஆண்டுகள். மூடிய அறை. ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னும் ஒரு வீடு, ஒரு ஊர், ஒரு சாதிசனம், சிலருக்குக் கல்யாணப் பேச்சு. அவர்களை யாரோ தொடர்ந்து பார்த்துப் பேசியிருக்கிறார்கள், கேட்டிருக்கிறார்கள். தீர்ப்பின் பக்கங்களில் அந்தப் பேச்சு இருக்காது. அதை அருகில் இருந்தவர்கள் எழுதினால் சட்ட மாணவிகளுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

என் அறையில் இப்போது இரண்டு நாற்காலிகள்தான். மாமாக்கள் வந்தால் முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்கிறேன், பவுன் கணக்குக்கு அவர்கள் வேண்டும். பிறகு, "எதிர்ல பேக்கரி இருக்குதுங், டீ நல்லா இருக்கும், அரை மணி நேரம் ஆகும்" என்கிறேன். சிலர் போகிறார்கள். சிலர் ஒரேயடியாகப் போய்விடுகிறார்கள், வேறு வழக்கறிஞரிடம். முதல் பத்து நிமிடம் பேனாவைத் தொடுவதில்லை. 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளைக் கேட்பதில்லை. "ஏன் அப்பவே சொல்லலை?" என்பது நாளைக்கு எதிர்த்தரப்பு கேட்கப்போகும் கேள்வி, அதை இன்றைக்கே நான் கேட்டால் நானும் எதிர்த்தரப்புதான். "மொதல்ல யாருகிட்டச் சொன்னீங்க?" என்று கேட்டால் ஒரு பெயர் வருகிறது. அந்தப் பெயரே பல சமயம் ஒரு சாட்சி. "ஒண்ணுமில்லீங்க" என்று சொன்னால் காத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒண்ணுமில்லீங்க என்பது பெரும்பாலும் கதையின் தொடக்கம். கடைசியில், "நான் கேக்காம விட்டது எதாச்சும் இருக்குதா கண்ணு?" என்று கேட்கிறேன். கன்றுக்குட்டிக்காக.

போன வருடம் மருதமலை சாலை சட்டக் கல்லூரியிலிருந்து ஒரு மாணவி அந்த 15 மதிப்பெண்ணுக்காக வந்தாள். நோட்டும் பேனாவுமாக மூலையில் உட்கார்ந்தாள். உள்ளே வந்த பெண் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்தப் பாப்பா படிக்கிற புள்ளைங்க. இருக்கட்டுமா, வெளிய போகச் சொல்லட்டுமா? நீங்க சொல்றதுதான்" என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, வெளியே இருக்கட்டுங்க என்றாள். மாணவி எழுந்து போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து நான் வெளியே வந்தபோது நோட்டை மூடிக்கொண்டு, "மேடம், நான் ஒண்ணுமே பாக்கலையே, இதுல என்ன எழுதறது?" என்றாள். வெளியே அனுப்பப்பட்டதை எழுது என்றேன். எழுதினாள். எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்று இன்னும் வந்து சொல்லவில்லை.